எண்ணும் ஓசையும்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம் பழமொழி. கண்ணுக்குத் தோன்றுமுன் காதுக்கு எட்டிவிடும் செய்திகள் உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. கண் தான் நோக்கும் திசையை மட்டுமே அறியும். காதுக்கு எல்லாத் திசையும் ஒன்றே. கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு இமை இல்லை. ஆகையால், மனிதன் வேறு வேலையில் ஆழ்ந்திருக்கும்போதும் அவனிடம் செய்தி சேர்க்க வேண்டுமானால், ஓசையே நல்ல தூதுவன்.

இந்த உண்மையை விஞ்ஞானிகள் நன்கு பயன்படுத்தியிருக்கிறார்கள். 1928-இல் கைகர், மியூலர் என்னும் இருவர் செம்மைப்படுத்திய கதிரியக்க எண்ணியுடன் ஒலிபெருக்கியை இணைத்தால், கதிர்த் துகள் ஒன்று நுழையும்தோறும் ‘டிக்’ என்று ஒலிக்கும். முள்ளைப் பார்க்காமலே அபாயம் மிகுவதை உணரலாம். அறுவை அரங்கில் நோயாளியின் விரலில் மாட்டப்படும் கருவி, நாடித் துடிப்புக்கு ஒரு முறை ஒலிக்கிறது. இரத்தத்தில் உயிர்வளி குறையக் குறைய அவ்வொலியின் சுருதியும் தாழ்கிறது. மருத்துவரின் கண் கத்தியின் மேல் இருக்க, காது நோயாளியின் உயிரைக் காவல் காக்கிறது. 1961-இல் அமெரிக்காவில் ஸ்பீத் என்னும் ஆராய்ச்சியாளர், நிலநடுக்கப் பதிவுகளை விரைவாக ஓடவிட்டுக் கேட்கச் செய்து, இயற்கையான நடுக்கத்தையும் நிலத்தடி வெடியையும் காதால் பிரித்தறிய முடியுமா என்று ஆராய்ந்தார்.

இவ்வேலைக்கு அன்று பெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டியிருந்தது. இன்று விடுதி அறையில் இருக்கும் சாதாரணக் கணிப்பொறியே போதும். வெளியுலகத்துப் புள்ளிவிவரங்களை, அதாவது தரவுகளை, கணிப்பொறிக்குள் செலுத்தி ஒலியாக மாற்றும் வழியையும், அவ்வழியில் நாம் வழுக்கி விழும் இடங்களையும் இக்கட்டுரையில் காண்போம்.

பெட்டியும் கம்பியும்

1957-இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் என்பவர் ஐ.பி.எம். 704 என்னும் கணிப்பொறியைக் கொண்டு இசை எழுப்பிக் காட்டினார். அக்காலத்தில் ஒவ்வொரு கட்டளையையும் வரிவரியாக எழுத வேண்டும். எழுதி முடித்து, பொறி கணக்கிட்டு முடித்த பிறகே ஓசையைக் கேட்க முடியும். 1980-களில் பாரிஸ் நகரத்து இர்க்காம் என்னும் இசை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய மில்லர் பக்கெட், வேறொரு முறையை வகுத்தார். திரையில் பெட்டிகளை வைத்து, அவற்றைக் கம்பிகளால் இணைத்துவிட்டால் அதுவே நிரல் ஆகிவிடும். மேத்யூஸை நினைவுகூர்ந்து அதற்கு ‘மேக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பின்னர் பக்கெட் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துக்குச் சென்று, 1996-இல் ‘பியூர் டேட்டா’ என்னும் மென்பொருளை வெளியிட்டார். மேக்ஸ் விலைக்கு விற்கப்படுவது. பியூர் டேட்டாவோ எவரும் விலையின்றிப் பெறக்கூடியது. அதன் மூல நிரலும் மறைக்கப்படவில்லை. மாணவர்களாகிய நமக்கு ஏற்றது இதுவே.

பியூர் டேட்டாவில் ‘ஆஸ்க்~’ என்று ஒரு பெட்டி உண்டு. அதற்கு 440 என்ற எண்ணைக் கொடுத்தால் நொடிக்கு 440 அதிர்வுடைய ஒலி பிறக்கும். அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, ஒலியின் அளவைக் குறைக்கும் ‘*~’ பெட்டியில் சேர்த்து, அங்கிருந்து ‘டேக்~’ என்னும் பெட்டிக்குக் கொண்டுசென்றால் ஒலிபெருக்கி பேசும். மூன்று பெட்டிகளில் ஒரு வாத்தியம்!

ஆனால் இங்கே கம்பிகள் இருவகைப்படும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெயரின் முடிவில் அலைக்குறி உள்ள பெட்டிகளுக்கு இடையே ஓடும் தடித்த கம்பி, ஒலி செல்லும் கம்பி. அதில் நொடிக்கு 44,100 எண்கள் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கும். மெல்லிய கம்பி, செய்தி செல்லும் கம்பி. அதில் செய்தி வந்தால் வரும். வராவிட்டால் ஒன்றும் இராது. முன்னது வாய்க்கால் நீர். பின்னது தபால்காரர் கொண்டுவரும் கடிதம். பியூர் டேட்டா ஒலியை 64 எண்கள் கொண்ட கட்டுகளாகக் கணக்கிடுகிறது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 689 கட்டுகள். ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டு தொடங்குமுன் கிடைக்கும் இடைவெளியில் செய்திகளைக் கவனித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் தரவு பெரும்பாலும் கடிதமாகவே வருகிறது. அக்கடிதத்தை வாய்க்கால் நீராக மாற்றுவதுதான் நம் வேலை.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு பெட்டிக்கு மேற்புறத்தில் பல நுழைவாய்கள் இருந்தால், பெரும்பாலும் இடக்கோடியில் உள்ளதே வேலையைத் தொடங்கி வைக்கும். மற்றவை எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். எனவே இரண்டு எண்களைக் கூட்ட விரும்பினால் வலப்புற எண் முதலில் வந்து சேர வேண்டும். முறை மாறினால் இப்போதைய எண்ணுடன் போன முறை வந்த எண் கூடிவிடும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. விடை மட்டும் தவறாக இருக்கும். இந்த வரிசையை உறுதி செய்வதற்கென்றே ‘டிரிக்கர்’ என்னும் பெட்டி இருக்கிறது. புதியவர்கள் முதலில் பழக வேண்டிய பெட்டி அது.

மூன்று வாயில்கள்

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு மேலே செல்வோம். தில்லியின் குளிர்காலக் காற்றை அறியாதவர் யார்? காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களை ‘பி.எம். 2.5’ என்று அளக்கிறார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்பது கணக்கு. கண்காணிப்பு நிலையங்களின் அளவுகள் மணிக்கு ஓர் எண்ணாகக் கிடைக்கின்றன. முப்பது நாளுக்கு 720 எண்கள். அவற்றைப் பட்டியலாகப் பார்த்தால் கண் சோர்ந்துபோகும். காதால் கேட்டால் என்ன?

முதல் வாயில் கோப்பு. எண்களை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் வைத்து, ‘டெக்ஸ்ட் டிஃபைன்’ என்னும் பெட்டியில் ஏற்றிவிடலாம். ‘டெக்ஸ்ட் கெட்’ என்னும் பெட்டியிடம் வரி எண்ணைச் சொன்னால் அந்த வரியை எடுத்துக் கொடுக்கும். இங்கே ஒரு முள் கிடக்கிறது. நாம் இணையத்தில் இறக்கிக்கொள்ளும் அட்டவணைகளில் எண்களுக்கு இடையே காற்புள்ளி இருக்கும். பியூர் டேட்டாவிலோ காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் தனிப் பொருள் உண்டு. ஆகவே காற்புள்ளியை இடைவெளியாக மாற்றி, ஒவ்வொரு வரியையும் அரைப்புள்ளியால் முடித்துக்கொள்வது நலம்.

இரண்டாம் வாயில் வலையிணைப்பு. தரவு இந்த நொடியில் வந்துகொண்டிருக்கிறது என்றால், அல்லது பைத்தான் போன்ற வேறொரு மொழியில் எழுதிய நிரல் அதைத் திரட்டுகிறது என்றால், இவ்வாயிலே ஏற்றது. பியூர் டேட்டாவில் ‘நெட்ரிசீவ் 3000’ என்று ஒரு பெட்டி வைத்தால், 3000 என்னும் எண்ணுள்ள கதவில் அது காத்து நிற்கும். வெளி நிரல் ‘துகள் 187;’ என்று எழுதி அனுப்பினால் போதும். உள்ளே ‘ரூட் துகள்’ என்னும் பெட்டி, அப்பெயருடன் வந்த செய்தியைப் பிரித்து 187-ஐ மட்டும் கீழே தரும். ஈரப்பதம், வெப்பம் என்று வேறு செய்திகள் வந்தாலும் ஒவ்வொன்றையும் அதனதன் வழியில் பிரித்தனுப்பலாம். இறுதியில் உள்ள அரைப்புள்ளியை மறந்துவிட்டால், செய்தி இன்னும் முடியவில்லை என்று கருதிப் பெட்டி காத்துக்கொண்டே இருக்கும். பலர் ஒரு மாலைப்பொழுதை இழப்பது இந்த ஒரு புள்ளியால்தான்.

வலையிணைப்பில் இரு முறைகள் உள. ‘டி.சி.பி.’ என்பது கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் தபால் போன்றது; இணைப்பு நீடிக்கும் வரையில் ஒன்றும் விடுபடாமல், வரிசை மாறாமல் சேரும்; சில வேளை தாமதமாகும். ‘யு.டி.பி.’ என்பது சாதாரண அஞ்சல், விரைவாகப் போகும், வழியில் தொலைந்தால் கேட்பாரில்லை. நொடிக்கு ஐம்பது முறை கையசைவைத் தெரிவிக்கும் கருவிக்கு இரண்டாவது போதும். ஒன்று தொலைந்தால் அடுத்தது உடனே வரும். மணிக்கு ஒரு முறை வரும் காற்றளவுக்கு முதலாவதே தக்கது. 1997-இல் பெர்க்லியில் மேட் ரைட், ஏட்ரியன் ஃப்ரீட் ஆகியோர் வெளியிட்ட ‘ஓ.எஸ்.சி.’ என்னும் முறையும் பரவலாக வழங்குகிறது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் ஊர், தெரு, வீடு என்பதுபோலச் சாய்கோடுகளால் பிரித்த முகவரி உண்டு. கைப்பேசியிலிருந்து அனுப்பும் செயலிகள் பல இம்முறையையே பின்பற்றுகின்றன. ‘ஓ.எஸ்.சி.பார்ஸ்’ என்னும் பெட்டி அதைப் பிரித்துத் தரும்.

மூன்றாம் வாயில் நேரடிக் கம்பி. அர்டுயினோ போன்ற சிறு மின்பலகையில் ஒரு சென்சாரைப் பொருத்தி, யு.எஸ்.பி. வழியாகக் கணிப்பொறியுடன் இணைப்பது இது. ‘காம்போர்ட்’ என்னும் பெட்டியைத் தனியே தருவித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவ்வாயிலில் நுழைவது ‘பைட்’ என்னும் சிறு பொட்டலம். ஒரு பொட்டலத்தில் 0 முதல் 255 வரைதான் கொள்ளும். அர்டுயினோ உனோ பலகையின் அளவுகளோ 0 முதல் 1023 வரை செல்லும். 700 என்பதை எப்படி அனுப்புவது? பலகை அதை எழுத்தாக எழுதி அனுப்பினால் பியூர் டேட்டாவுக்குக் கிடைப்பது 700 அன்று. 7, 0, 0 என்னும் எழுத்துகளின் குறியெண்களாகிய 55, 48, 48 கிடைக்கும். அவற்றை மீண்டும் எண்ணாகச் சேர்க்க வேண்டும்.

இரண்டு பைட்டுகளாகப் பிரித்தனுப்புவது இன்னொரு வழி. 700 என்பது 2 × 256 + 188; ஆகவே 2, 188 என்று அனுப்பலாம். ஆனால் நடுவில் ஒரு பைட் தவறினால் என்ன ஆகும்? 188-ஐ முதலாகவும் 2-ஐ இரண்டாவதாகவும் கொண்டு, 188 × 256 + 2 = 48,130 என்று பொறி கணக்கிடும். 700 எங்கே, 48,130 எங்கே! பலரும் ஒரே இடத்தில் சேர்ந்து பாடும்போது ஒருவர் ஓர் அட்சரம் தவறினால் பாட்டு முழுதும் விலகிப்போவது போன்றது இது. ஒவ்வொரு அளவுக்கும் முன்னால், தரவில் வரவே வராத ஓர் அடையாள எண்ணை வைத்து அனுப்பினால், தவறிய தாளத்தை மீண்டும் பிடித்துக்கொள்ளலாம்.

மூன்று வாயிலுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கையும் உண்டு. பியூர் டேட்டாவின் வழக்கமான பதிப்பு எண்களை 32 பிட் அளவில் வைத்துக்கொள்கிறது. முழு எண்கள் 1,67,77,216 வரைதான் ஒன்றுவிடாமல் பிழையின்றி நிற்கும். கணிப்பொறிகள் காலத்தை 1970-ஆம் ஆண்டு முதல் நொடிகளாக எண்ணி வருகின்றன. அந்த எண் இன்று 170 கோடியைத் தாண்டிவிட்டது. அதை அப்படியே உள்ளே விட்டால் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 128 நொடி இடைவெளி விழுந்துவிடும். இரண்டு நிமிடத்துக்குள் நடந்தவையெல்லாம் ஒரே கணத்தில் நடந்தன என்று பொறி சாதிக்கும்! அனுப்புமுன் தொடக்க நேரத்தைக் கழித்துவிட்டு, ‘தொடங்கி இத்தனை நொடி’ என்று அனுப்பினால் இத்தொல்லை இல்லை.

தாளம் யார் கையில்?

720 எண்களையும் எந்த வேகத்தில் கேட்பது? ஒரு மணி நேரத்தைக் கால் நொடியாகச் சுருக்கினால் ஒரு நாள் ஆறு நொடி. முப்பது நாளும் மூன்று நிமிடத்தில் முடியும். இரவும் பகலும் மாறிமாறி வருவதைக் காது எளிதில் பிடித்துக்கொள்ளும் வேகம் இது.

இந்தக் கால் நொடித் தாளத்தை வெளி நிரலின் கையில் விடுவதா, பியூர் டேட்டாவின் கையில் வைப்பதா? வெளி நிரலிடம் விட்டால், கணிப்பொறி வேறு வேலையில் ஈடுபடும்போதெல்லாம் தாளம் தடுமாறும். தடுமாற்றம் தரவில் உள்ளதா, தபாலில் உள்ளதா என்று கேட்பவர் அறிய மாட்டார். ஆகையால் பழைய தரவைக் கோப்பாக உள்ளே ஏற்றிவிட்டு, ‘மெட்ரோ 250’ என்னும் பெட்டியால் வரிவரியாக எடுப்பதே சிறந்தது. உடனுக்குடன் வரும் தரவுக்கு மட்டும் வலையிணைப்பை வைத்துக்கொள்ளலாம்.

கடிதத்தை வாய்க்கால் நீராக்கும் இடமும் இதுதான். ஒலியின் அளவை ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண்ணுக்குத் திடீரென மாற்றினால் ‘படக்’ என்று ஒரு வெடிப்பு கேட்கும். சுருதியைத் திடீரென மாற்றினாலும் காதுக்குக் கரடுமுரடாகவே இருக்கும். ‘லைன்~’ என்னும் பெட்டி, பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்குச் சரிவாக இறங்கிச் செல்லும். 20 அல்லது 30 மில்லி நொடிச் சரிவு போதும். இனிமையாக இருக்கிறதே என்று கால் நொடி முழுவதும் சரியவிட்டால், எந்த நிலையமும் அளக்காத எண்களையெல்லாம் கமகம்போல இசைத்துக்கொண்டிருப்போம். கச்சேரியில் அது அழகு. தரவில் அது கற்பனை.

கடிதமாக அனுப்பாமல், தரவையே அலையாக ஓடவிடும் வழியும் ஒன்று உண்டு. ஸ்பீத் செய்தது அதுவே. ஓர் ஆண்டின் 8,760 எண்களை ஓர் அட்டவணையில் ஏற்றி, ஒலியின் வேகத்திலேயே படித்தால் ஆண்டு முழுவதும் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கில் முடிந்துவிடும். 24 மணிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் நாள் வட்டம் அதில் நொடிக்கு 1,837.5 அதிர்வுடைய சுருதியாகக் கேட்கும். நாள்தோறும் திரும்பத் திரும்ப நிகழ்வது ஒன்று தரவில் இருக்கிறதா என்பதை அறிய இது நல்ல வழி. ஆனால் ‘இன்று காற்று எப்படி?’ என்ற கேள்விக்கு இது விடை சொல்லாது. கேள்விக்கு ஏற்ற வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

எவ்வளவுக்கு எவ்வளவு?

எண் உள்ளே வந்துவிட்டது. அதை எந்தச் சுருதியாக்குவது? இங்கேதான் பொறியின் வேலை முடிந்து மனிதனின் பொறுப்பு தொடங்குகிறது.

0 முதல் 500 வரையுள்ள துகள் அளவை 200 முதல் 700 வரையுள்ள அதிர்வெண்ணாக்குவோம் என்று ஒருவர் சொல்லலாம். எளிய கூட்டல்தானே! ஆனால் நம் காது கூட்டலைக் கேட்பதில்லை, பெருக்கலையே கேட்கிறது. ஒரு சுரத்துக்கும் அதன் மேல் ஸ்தாயிக்கும் உள்ள உறவு, அதிர்வெண் இரு மடங்காவது. இம்முறையில் துகள் அளவு 60-இலிருந்து 120-க்கு ஏறும்போது ஒலி 260-இலிருந்து 320-க்கு ஏறும். ஏறத்தாழ மூன்றரைச் சுரத்தானம். 360-இலிருந்து 420-க்கு ஏறும்போதோ ஒலி 560-இலிருந்து 620-க்குப் போகும். இரண்டு சுரத்தானத்துக்கும் குறைவு. இரண்டு இடத்திலும் ஏறியது அறுபதே. ஆனால் காற்று கெடக் கெட, ஏற்றம் சிறியதாகிக்கொண்டே போவதாகக் காது நம்பிவிடும். எச்சரிக்கை மிகுதியாக வேண்டிய இடத்தில் எச்சரிக்கை மங்கிவிடுகிறது!

இதற்கு மாற்று, துகள் அளவை நான்கால் பெருக்கிவிடுவது. இந்திய அரசு 2009-இல் வகுத்த ஒரு நாள் சராசரி வரம்பு 60. அது 240 அதிர்வாக ஒலிக்கும். 120 ஆனால் 480. ஒரு ஸ்தாயி மேலே. 240 ஆனால் 960, இரண்டு ஸ்தாயி. 480 ஆனால் 1,920, மூன்று ஸ்தாயி. வரம்பைப்போல் எத்தனை மடங்கு என்பதைக் காது தானே கணக்கிட்டுக்கொள்ளும். பின்னணியில் 240 அதிர்வுடைய மெல்லிய சுருதி ஒன்றைத் தம்புரா போல் நிறுத்திவிட்டால், வரம்புக்கு மேலா கீழா என்பதும் உடனே விளங்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த ஒரு நாள் அளவு 15. அது 60 அதிர்வாகி இரண்டு ஸ்தாயி கீழே நிற்கும். சுருதிப்பெட்டியை எந்த வரம்புக்குச் சேர்ப்பது என்பதுகூட ஒரு முடிவு. அம்முடிவைக் கேட்பவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு தவறு அடிக்கடி நிகழ்கிறது. தரவில் உள்ள மிகக் குறைந்த எண்ணைத் தாழ்ந்த சுருதியாகவும் மிக உயர்ந்த எண்ணை உச்சச் சுருதியாகவும் நிரலே அமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஒரு நகரில் அளவு 20-க்கும் 40-க்கும் இடையே அசைகிறது. இன்னொரு நகரில் 100-க்கும் 400-க்கும் இடையே. இரண்டையும் இப்படி ஒலியாக்கினால் இரண்டு நகரமும் ஒரே உச்சத்தில் கதறும். நலமாக இருப்பவரும் நோயுற்றவரும் ஒரே குரலில் முனகுவதாகக் காட்டுவது எவ்வகை நியாயம்? இரண்டு ஊர்களை ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தான்.

மணி அறுந்த யானை

இப்போது பழமொழிக்குத் திரும்புவோம். மணியோசை கேட்டால் யானை வருகிறது என்று அறிகிறோம். மணியோசை கேட்காவிட்டால்? யானை இல்லை என்று துணிந்து நடுத்தெருவில் நிற்கலாமா? மணி அறுந்து விழுந்திருக்கலாம் அல்லவா?

கண்காணிப்பு நிலையங்கள் சில வேளை வேலை செய்யாமல் நின்றுவிடும். மின்சாரம் போகும், கருவி பழுதாகும். அந்த மணிக்கு அளவு இல்லை. ‘அளவு இல்லை’ என்பதைத் தரவுக் கோப்புகள் பல வகையாகக் குறிக்கின்றன. அவை ஒவ்வொன்றும் பியூர் டேட்டாவுக்குள் நுழைந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

வெற்றிடமாக விடப்பட்டதை நம் வெளி நிரல் 0 என்று மாற்றி அனுப்பியது என்று வைத்துக்கொள்வோம். 0 × 4 = 0. ஒலி நின்றுவிடும். கேட்பவர் காற்று முற்றிலும் தூய்மையாகிவிட்டது என்று மகிழ்வார். ‘என்.ஏ.’ என்ற எழுத்துகளாக வந்தால், அதைப் பெருக்கத் தெரியாமல் பெருக்கல் பெட்டி செய்திச் சன்னலில் ஒரு பிழை வரியை எழுதும்; ஒலியோ முன்பு வந்த எண்ணிலேயே நின்று நீளும். கேட்பவர் காற்று மாறவே இல்லை என்று எண்ணுவார். சில கோப்புகளில் -999 என்று எழுதிவைப்பார்கள். அதை நான்கால் பெருக்கினால் -3,996. எதிர்மறை அதிர்வெண்ணையும் ‘ஆஸ்க்~’ மறுக்காது; காதுக்கு அது 3,996 அதிர்வுடைய கீச்சொலியாகவே கேட்கும். கேட்பவர் நகரமே நஞ்சில் மூழ்கிவிட்டது என்று நடுங்குவார். நடந்தது ஒன்றே: கருவி நின்றது. நாம் சொன்னதோ மூன்று: தூய்மை, அமைதி, பேரழிவு. மூன்றும் பொய்.

பொறியின் மேல் குற்றமில்லை. கொடுத்த எண்ணை ஒலிப்பது அதன் தொழில். ‘இல்லை’ என்பதற்கும் ‘சுழி’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை அதற்கு நாம்தான் கற்பிக்க வேண்டும்.

அதற்கு வழி எளிது. அளவு இல்லாத மணிக்கு எண்ணை அனுப்பாமல், ‘இன்மை;’ என்று தனிப் பெயரிட்ட செய்தியை அனுப்புக. ‘ரூட்’ பெட்டியில் அதற்குத் தனி வழி வைத்து, சுருதியை நிறுத்தி, சுருதியற்ற இரைச்சல் ஒன்றை மெல்ல ஒலிக்கச் செய்க. வானொலியில் நிலையம் விலகினால் கேட்கும் இரைச்சலைப் போல, ‘இங்கே செய்தி இல்லை’ என்று அது பொருள்படும். தூய காற்றின் தாழ்ந்த சுருதி சிறிய ஒலிபெருக்கிகளில் கேட்கவே கேட்காது. ஆகையால் ஒவ்வொரு எண்ணும் வந்து சேரும்போது ‘டிக்’ என்று ஒரு சிறு தட்டலும் வைக்க வேண்டும். தட்டல் கேட்டால் தரவு வருகிறது; சுருதி தாழ்ந்தால் காற்று நலம். இரண்டும் வேறு வேறு செய்திகள்.

வலையிணைப்பே அறுந்துபோனால் ‘இன்மை’ என்று சொல்லவும் ஆள் இராது. அதற்கு ‘டிலே’ பெட்டி உதவும். ஒவ்வொரு செய்தி வரும்போதும் அதை மீண்டும் தொடங்கி வைக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் அடுத்த செய்தி வராவிட்டால் அது தானே கூவி, சுருதியை நிறுத்தி இரைச்சலை எழுப்பும். செய்தி வந்துகொண்டிருக்கும் வரையில் அது வாயே திறக்காது.

சோதித்த பின்னரே மேடை

இவ்வளவையும் அமைத்த பிறகு உண்மைத் தரவை உடனே ஓடவிட வேண்டாம். விடை தெரிந்த எண்களை முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டும். 60 கொடுத்தால் தம்புராச் சுருதியுடன் ஒன்ற வேண்டும். 120 கொடுத்தால் மேல் ஸ்தாயியில் ஒன்ற வேண்டும். பிறகு 0, ‘இன்மை’, -999, ஓர் எழுத்து, வெறும் அரைப்புள்ளி என்று வேண்டாத விருந்தினரையெல்லாம் வேண்டுமென்றே உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். வாயிலை அடுத்து ஒரு ‘பிரிண்ட்’ பெட்டியை வைத்தால், உண்மையில் வந்தது எது என்று கண்ணால் காணலாம். ஒலியைக் கேட்டு எண்ணை நம்பாமல், எண்ணைக் கண்டு ஒலியை நம்புவதே முறை. இச்சோதனைகளின்போது காதில் ஒலிப்பானை மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு தவறான எண் செவியைப் புண்படுத்தும் அளவுக்கு ஒலித்துவிடலாம்.

நண்பர்களே! இக்கலை இசை மாணவருக்கு மட்டும் உரியதன்று. பொருளாதாரம் பயில்வோர் விலையேற்றத்தை ஒலிக்கச் செய்யலாம். நிலநூல் பயில்வோர் ஆற்றின் நீர்மட்டத்தைக் கேட்கலாம். வரைபடம் காண இயலாத பார்வையற்ற தோழர், அதே தரவை நம்முடன் சமமாக அமர்ந்து ஆராயலாம். அவருக்கு நம் ஒலி ஒன்றே சான்று; எனவே அது தவறினால் பட்டியலைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு எளிதில் இராது. இந்த ஒன்றை நினைத்தாலே போதும், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

தரவைக் கணிப்பொறிக்குள் நுழைப்பது ஒரு மாலையில் கற்றுவிடக்கூடிய வேலை. நுழைந்த தரவு சொல்வதை மட்டும் சொல்லி, சொல்லாததைச் சொல்லாமல் விடுவதே நெடுநாள் பயிற்சி. மணியைக் கட்டுவோர் நாம். யானை வந்தால் மணி ஒலிக்கட்டும். மணி அறுந்தால் அதுவும் நான்கு பேருக்குத் தெரியட்டும்.